அப்டேட் பாதியில் நின்ற லேப்டாப்: கடைக்கு ஓடும் முன் செய்ய வேண்டியவை

எக்கியார்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்கிறார்:

“அரசு கொடுத்த லேப்டாப் வைத்திருக்கிறேன். சாயங்காலம் அணைக்கும்போது ஃபர்ம்வேர் அப்டேட் என்று ஒரு திரை வந்தது. ‘அணைக்காதீர்கள்’ என்றும் போட்டிருந்தது. பாதியில் கரண்ட் போனது, லேப்டாப்பும் அணைந்துவிட்டது. இப்போது பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது, ஃபார்மேட்டும் செய்யவேண்டி வரும் என்கிறார்கள். என் புராஜெக்ட் முழுக்க அதில்தான் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?”

முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். நீங்கள் செய்த தவறு இதில் எதுவும் இல்லை. இரண்டாவது, உங்கள் புராஜெக்ட் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது. ஃபர்ம்வேர் இருக்கும் இடம் வேறு, உங்கள் கோப்புகள் இருக்கும் இடம் வேறு. ஒன்று கெட்டதால் மற்றது அழியாது. மூன்றாவது, ஃபார்மேட் செய்ய யாருக்கும் ஒப்புதல் கொடுக்காதீர்கள். ஃபார்மேட் என்பது கோப்புகள் இருக்கும் எஸ்எஸ்டி-யைத் துடைக்கிற வேலை. அதனால் ஃபர்ம்வேர் சரியாகாது, உங்கள் புராஜெக்ட் மட்டும்தான் போகும்.

இந்தப் பதில் முழுவதும் ஒரே விதியின்மேல் நிற்கிறது: திரும்ப எடுக்க முடியாத எந்த வேலையையும் கடைசிக்குத் தள்ளுங்கள். காத்திருப்பதால் எதுவும் கெடாது. சார்ஜரைக் கழற்றி மாட்டுவதாலும் கெடாது. பென் டிரைவ் மூலம் மீட்பது அதற்கு அடுத்த படி. ஃபர்ம்வேர் இருக்கும் சிப்பை மறுபடி எழுதுவது, மதர்போர்டு மாற்றுவது எல்லாம் கடைசி. இந்த வரிசையில் போனால், இப்படி நின்றுபோன லேப்டாப்புகளில் பல மதர்போர்டு மாற்றாமலே எழுந்துவிடும்.

உள்ளே என்ன நடந்தது

பட்டனை அழுத்தியதும் விண்டோஸோ, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ உடனே ஓடிவருவதில்லை. அதற்கு முன் ஒரு சிறிய நிரல் எழுந்து, நினைவகம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, எஸ்எஸ்டி எங்கே என்று பார்த்து, திரையை உயிர்ப்பித்து, பிறகுதான் விண்டோஸைக் கூப்பிடுகிறது. அதுதான் ஃபர்ம்வேர். பழக்கத்தில் பயாஸ் என்கிறோம். மதர்போர்டின்மேல் எட்டுக் கால்கள் கொண்ட சின்ன ஃபிளாஷ் சிப்பில் அது இருக்கிறது. இன்றைய லேப்டாப்களில் அந்தச் சிப்பின் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 எம்பி. உங்கள் புராஜெக்ட், படங்கள், பாடக் குறிப்புகள் எதுவும் அதில் இல்லை.

அப்டேட் நடக்கும்போது அந்தச் சிப்பில் பழைய பகுதியை அழித்துவிட்டு, அதே இடத்தில் புதியதை எழுதுகிறார்கள். அழித்த பிறகு, எழுதி முடிக்கும் முன் மின்சாரம் நின்றால், சிப்பில் பாதி பழையது, பாதி புதியது, நடுவில் வெற்றிடம். இப்போது பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. அவற்றுக்கு இந்த நிரல் முழுதாகத் தேவையில்லை. திரைக்குத் தேவை. அதனால்தான் கறுப்புத் திரை.

நல்ல சேதி என்னவென்றால், தயாரிப்பாளர்கள் இந்த ஆபத்தை அறிந்தே வடிவமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான லேப்டாப்களில் தொடக்கத்தில் ஓடும் ஒரு சிறு பகுதியை அப்டேட் தொடாமல் தனியே வைத்திருப்பார்கள். மற்றதெல்லாம் கெட்டாலும் அந்தப் பகுதி மட்டும் எழுந்து, ஒரு பென் டிரைவில் நல்ல பிரதி இருக்கிறதா என்று தேடும். அலுவலகப் பயன்பாட்டுக்கான உயர்தர மாடல்களில் இரண்டாவது முழுப் பிரதியே இருக்கும், கெட்டதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். எச்பி-யின் ஷ்யூர் ஸ்டார்ட், லெனோவோ திங்க்பேடின் தானே குணமாகும் பயாஸ் ஆகியவை இந்த வகை. விலை குறைந்த மாடல்களில் அது இல்லாமல் போகலாம். ஆனால் பென் டிரைவ் வழி பலவற்றில் உண்டு.

முதல் படி: ஒரு மணி நேரம் தொடாதீர்கள்

கறுப்புத் திரையைப் பார்த்தால் கை தானாகப் பட்டனுக்குப் போகும். அங்கேதான் பல லேப்டாப்கள் உண்மையிலேயே கெடுகின்றன. பாதியில் நின்ற அப்டேட் மறுபடி தானாகத் தொடங்கி ஓடிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் திரை இருண்டிருக்கும், ஃபேன் முழு வேகத்தில் சத்தமிடும், லேப்டாப் இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழும். எல்லாம் இயல்பு. புதிய மாடல்களில் ஃபர்ம்வேர் மாறிய பிறகு முதல் தடவை நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் இருட்டிலேயே இருக்கும்.

ஆகவே, சார்ஜரை மாட்டி, பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்தி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். கரண்ட் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்து இதைச் செய்யுங்கள். பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அங்கே வைத்துச் செய்வது இன்னும் நல்லது.

இரண்டாம் படி: மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள்

ஒரு மணி நேரம் போயும் மாற்றம் இல்லையென்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். மவுஸ், பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி வெளியே எடுக்கும் வகையென்றால் அதையும் கழற்றுங்கள். பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். லெனோவோ மாடல்கள் சிலவற்றின் அடிப்பக்கத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். சார்ஜர் இல்லாதபோது நிமிர்த்திய கிளிப்பால் அதைச் சில நொடி அழுத்தி, ஒரு நிமிடம் விடுங்கள்.

பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி அரை மணி நேரம் சார்ஜ் ஏறவிடுங்கள். சார்ஜ் விளக்கே எரியவில்லை என்றால் கோளாறு ஃபர்ம்வேரில் இல்லாமல் சார்ஜரிலோ அதன் துளையிலோ இருக்கலாம். அதே வாட் அளவுள்ள வேறு சார்ஜரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் பட்டனை அழுத்திப் பத்து நிமிடம் பாருங்கள். எச்டிஎம்ஐ கேபிள் கிடைத்தால் டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் ஃபர்ம்வேர் நலம், கோளாறு லேப்டாப் திரையில்.

விளக்கு என்ன சொல்கிறது

திரை பேசாதபோது விளக்கு பேசும். டெல் லேப்டாப்களில் பேட்டரி விளக்கு முதலில் மஞ்சளாகச் சில முறை, பிறகு வெள்ளையாகச் சில முறை மின்னும். மஞ்சள் 2, வெள்ளை 2 என்றால் மதர்போர்டு அல்லது பயாஸ் கோளாறு. மஞ்சள் 2, வெள்ளை 3 என்றால் நினைவகம் தெரியவில்லை. மஞ்சள் 3, வெள்ளை 3 என்றால் மீட்புப் பிரதியைத் தேடினேன், கிடைக்கவில்லை. மஞ்சள் 3, வெள்ளை 4 என்றால் பிரதி கிடைத்தது, ஆனால் அது சரியில்லை. கடைசி இரண்டில் ஒன்று வந்தால் மகிழுங்கள். லேப்டாப் உயிரோடு இருக்கிறது, நல்ல பிரதியைக் கேட்கிறது.

எச்பி-யின் பழைய மாடல்கள் பலவற்றில் கேப்ஸ் லாக் விளக்கு இரண்டு முறை மின்னி நிறுத்தி, மறுபடி இரண்டு முறை மின்னினால் பயாஸ் கெட்டிருக்கிறது. மூன்று முறை என்றால் நினைவகம். மாடலுக்கு மாடல் இது மாறும். மின்னுவதைச் செல்பேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் உங்கள் வாய்மொழி விளக்கத்தைவிட அந்த வீடியோ பயன்படும்.

நினைவகம் என்று விளக்கு சொன்னால் அப்டேட்மேல் பழி போடவேண்டாம். கடலோரத்தில் நினைவகப் பலகையின் தொடுமுனைகளில் படலம் படிவது வழக்கம். உத்தரவாதக் காலம் முடிந்த லேப்டாப் என்றால், தெரிந்தவர் ஒருவர் அதைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே சரியாகலாம்.

திரை வருகிறது, விண்டோஸ் வரவில்லை என்றால்

உங்களுக்குத் திரையே வரவில்லை. உங்கள் தோழிகளுக்கு வேறு விதமாக நடக்கலாம் என்பதால் இதையும் சொல்கிறேன். அப்டேட் வெற்றிகரமாக முடிந்த பிறகும் இரண்டு தொல்லைகள் வரும். இரண்டையும் பார்த்து லேப்டாப் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள்.

ஒன்று, பிட்லாக்கர் என்று தலைப்பிட்டு 48 எண்கள் கேட்கும் திரை. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி பூட்டப்பட்டிருக்கும். ஃபர்ம்வேர் மாறியதும், யாரோ இயந்திரத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பூட்டு எச்சரிக்கையாகிறது. அந்த எண்கள், லேப்டாப்பை முதலில் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். செல்பேசியில் அதே கணக்குக்குள் போய், மைக்ரோசாஃப்டின் மீட்புச் சாவிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கல்லூரி மின்னஞ்சலில் தொடங்கியிருந்தால் கல்லூரிக் கணக்கில் இருக்கும். திரையில் தெரியும் அடையாளக் குறியின் முதல் எட்டு எழுத்துகளோடு பொருந்துவதே உங்கள் சாவி. அந்தச் சாவி இல்லாமல் பூட்டைத் திறந்து தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இரண்டு, துவக்கச் சாதனம் இல்லை என்ற செய்தி. அப்டேட்டில் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். டெல், ஏசர் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10 அழுத்தி அமைப்புக்குள் போய் எஸ்எஸ்டி பட்டியலில் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் துவக்க வரிசையையும், சேமிப்பக முறையையும் பழையபடி மாற்றினால் போதும். இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி அல்லது ரெய்டு என்று இருந்தது ஏஎச்சிஐ என்று மாறியிருந்தால் விண்டோஸ் எழாது. மறுபடி பழையதற்கு மாற்றுங்கள். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்குத் தேர்வுத் திரை காணாமல் போய் நேராக விண்டோஸ் எழும். பாஸ் எங்கும் போகவில்லை, துவக்க வரிசையில் கீழே தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாம் படி: பென் டிரைவ் மூலம் மீட்பு

இதுதான் உங்களுக்கான வழி. லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் பாருங்கள். மங்கலாக இருந்தால் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். அந்த மாடலுக்கான பயாஸ் கோப்பைத் தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஒரே தோற்றத்தில் இரண்டு மாடல்கள் இருக்கும், எண்ணில் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும். பென் டிரைவ் 32 ஜிபி-க்கு மேற்படாமல், ஃபேட்32 முறையில் இருக்கட்டும்.

டெல் என்றால் கணினியே தேவையில்லை, செல்பேசியும் ஓடிஜி கேபிளும் போதும். இறக்கிய கோப்பின் பெயரை டெல் உதவிப் பக்கம் சொல்லும் மீட்புப் பெயராக எழுத்துப் பிசகாமல் மாற்றிப் பென் டிரைவில் போடுங்கள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். பென் டிரைவைச் செருகுங்கள். கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி சார்ஜரை மாட்டுங்கள். மீட்புத் திரை வரும்வரை விரலை எடுக்காதீர்கள். 2016-க்குப் பின் வந்த டெல் லேப்டாப்களில் பெரும்பாலும் இது வேலை செய்யும்.

எச்பி என்றால் பென் டிரைவை இன்னொரு விண்டோஸ் கணினியில் தயாரிக்க வேண்டும். கல்லூரிக் கணினி அறையோ தோழியின் லேப்டாப்போ போதும். இறக்கிய கோப்பை ஓடவிட்டால் மீட்புப் பென் டிரைவ் உருவாக்கவா என்று ஒரு தேர்வு வரும், அதைக் கொடுங்கள். பிறகு உங்கள் லேப்டாப்பில் சார்ஜரை மாட்டி, பென் டிரைவைச் செருகி, விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்துப் பிடியுங்கள். பிடித்தபடியே பவர் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்தி விடுங்கள். விசைகளை மட்டும் விடாமல் பிடித்திருங்கள். பீப் ஒலி வரலாம், பிறகு திரை வரும். பி-க்குப் பலன் இல்லையென்றால் வி விசையோடு முயலுங்கள். சில நேரம் எஸ்எஸ்டி-யிலேயே ஒரு மீட்புப் பிரதி இருக்கும் என்பதால், பென் டிரைவ் இல்லாமலும் ஒரு தடவை பார்க்கலாம்.

ஏசர் மாடல்கள் பலவற்றில் எஃப்என், எஸ்கேப் விசைகளைப் பிடித்துத் தொடங்கும் அவசர மீட்பு உண்டு. ஆனால் கோப்புக்கு வைக்க வேண்டிய பெயர் மாடலுக்கு மாடல் வேறு. ஊகித்து முயல வேண்டாம், ஏசர் சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள்.

எந்த நிறுவனமானாலும் மீட்பு தொடங்கியபின் அதுவும் ஓர் எழுதும் வேலைதான். முடியும்வரை சார்ஜரைத் தொடக் கூடாது.

நான்காம் படி: சர்வீஸ் சென்டர், அதன் பிறகே கடை

பென் டிரைவுக்கும் அசையவில்லை என்றால் உத்தரவாதம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்களோ கடைக்காரரோ ஒரு ஸ்குருவைக்கூடத் திறக்க வேண்டாம். அரசுத் திட்ட லேப்டாப் என்றால் கல்லூரியில் லேப்டாப் விநியோகத்தைக் கவனித்த பேராசிரியரிடம் எழுத்தில் சொல்லுங்கள். சர்வீஸ் எண்ணைப் பெட்டியில் வந்த தாளிலிருந்து எடுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். போலி எண்கள் நிறைய உலவுகின்றன. சரிசெய்ய ஓடிபி சொல்லுங்கள், இந்த ஆப்பைப் போடுங்கள் என்று கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள். உத்தரவாதம் இருந்தும் சர்வீஸ் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உத்தரவாதம் முடிந்திருந்தால் திண்டிவனத்திலோ புதுச்சேரியிலோ சிப் அளவில் வேலை செய்யும் கடையைத் தேடுங்கள். கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

“மதர்போர்டை மாத்துவீங்களா, பயாஸ் சிப்பை மறுபடி எழுதுவீங்களா?” சிப்பை எழுதுவது சிறிய வேலை. புரோகிராமர் என்ற சிறு கருவியைச் சிப்பின்மேல் கவ்வவைத்து எழுதுகிறார்கள்.

“எழுதுறதுக்கு முன்னாடி சிப்புல இருக்கிறதைப் பிரதி எடுப்பீங்களா?” இது மிக முக்கியம். உங்கள் லேப்டாப்பின் சீரியல் எண்ணும், வாங்கும்போதே விண்டோஸ் இருந்திருந்தால் அதன் உரிமச் சாவியும் அந்தச் சிப்பில் இருக்கின்றன. எங்கிருந்தோ இறக்கிய வேறொருவரின் பிரதியை அப்படியே எழுதினால் லேப்டாப் எழும், ஆனால் உங்கள் அடையாளம் போய்விடும். பழையதைப் பிரதி எடுத்து, அதிலிருந்து இந்த விவரங்களைப் புதியதில் சேர்ப்பவரே நல்ல தொழிலாளி. சிப் 3.3 வோல்ட் வகையா, 1.8 வோல்ட் வகையா என்றும் அவர் பார்ப்பார். 1.8 வோல்ட் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தால் சிப் எரிந்துவிடலாம்.

“எஸ்எஸ்டியைத் தொடாம செய்வீங்களா?” தனியே கழற்றும் எஸ்எஸ்டி என்றால் கழற்றி உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். இந்த வேலைக்கு அது தேவையே இல்லை. கூடுதலாக, பிட்லாக்கர் சாவியை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சிப்பை எழுதினாலும் மதர்போர்டை மாற்றினாலும் அந்த 48 எண்களைப் பிட்லாக்கர் கேட்கும்.

மதர்போர்டு போய்விட்டது என்ற முடிவுக்கு அவசரப்படக் கூடாது என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 2017 இறுதியில் உபுண்டு லினக்ஸின் 17.10 பதிப்பை நிறுவிய லெனோவோ லேப்டாப்கள் பலவற்றில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் போனது. இன்டெல் சிப்பைக் கையாளும் ஓர் இயக்கி பயாஸைப் பூட்டிவிட்டதே காரணம். உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் அந்தப் பதிப்பை இறக்குமிடத்திலிருந்து விலக்கியது. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று அப்போது பலர் நினைத்தார்கள். சில வாரங்களில் உபுண்டுவின் மைய நிரலான கெர்னல் திருத்தப்பட்டு வந்தது. அதை நிறுவி மறுபடி துவக்கியதும் பூட்டு விலகியது. காத்திருந்தவர்களுக்குச் செலவே இல்லை.

கரண்ட்டா, பேட்டரியா, உப்புக் காற்றா?

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். கரண்ட் போனதும் லேப்டாப்பும் அணைந்தது என்கிறீர்கள். நல்ல பேட்டரி உள்ள லேப்டாப் அப்படி அணையாது. கரண்ட் நின்றாலும் அப்டேட் முடியும் வரை பேட்டரி தாங்கியிருக்க வேண்டும். ஆகவே உங்கள் பேட்டரியில் சார்ஜ் மிகக் குறைவாக இருந்திருக்கலாம், அல்லது பேட்டரியே தளர்ந்திருக்கலாம். மீட்பைத் தொடங்கும் முன் இதைக் கவனியுங்கள். அதே பேட்டரியோடு மீட்பின் நடுவிலும் கரண்ட் போனால் நிலைமை இன்னும் மோசமாகும்.

2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. பேட்டரி உப்பியோ செத்தோ போனதால் அதைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டுகிறார்கள். அதில் பாடம் படிக்கலாம், படம் பார்க்கலாம். ஃபர்ம்வேர் அப்டேட் மட்டும் செய்யவே கூடாது. கரண்ட் ஒரு நொடி இமைத்தாலே போதும், எழுதுவது நின்றுவிடும்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் ஊருக்கு ஒரு பக்கம் மரக்காணம் உப்பளங்கள், மறுபக்கம் கடல். காற்றில் வரும் உப்புத்துகள் லேப்டாப்பின் துளைகளில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் நீராகிறது. மாலையிலும் இரவிலும் கடலோரத்தில் அந்த அளவு ஈரம் சாதாரணம். சார்ஜர் துளையின் உலோகத்தில் பச்சை படிவது இதனால்தான். துளையில் தொடர்பு தளர்ந்தால், கரண்ட் இருக்கும்போதே சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். சார்ஜர் பின்னை லேசாக ஆட்டினால் விளக்கு அணைந்து எரிகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் துளையைச் சரிசெய்த பிறகே அப்டேட். லேப்டாப்பை முழுக்க அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்து, முழுதும் உலரவிடலாம். தண்ணீரோ சானிடைசரோ வேண்டாம்.

லோ வோல்டேஜைப் பற்றிக் கவலை வேண்டாம். சார்ஜரிலேயே 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், அந்த எல்லைக்குள் அது தாங்கும். தாங்காதது கரண்ட் நிற்பதும், திரும்பும்போது வரும் திடீர் ஏற்றமும்தான்.

அடுத்த அப்டேட்டைத் தவிர்க்காதீர்கள், நேரம் பாருங்கள்

இவ்வளவு ஆனபின் இனி ஃபர்ம்வேர் அப்டேட்டே வேண்டாம் என்று தோன்றும். அது சரியான முடிவு இல்லை. விண்டோஸ் பாதுகாப்பாகத் துவங்குவதற்கு உதவும், 2011-இல் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. அவற்றைப் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது, சில மாடல்களில் அதற்கு ஃபர்ம்வேரும் மாறவேண்டும். புதுப்பிக்காவிட்டாலும் லேப்டாப் ஒரே நாளில் நின்றுவிடாது. ஆனால் துவக்கத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் இனி அதற்குக் கிடைக்காது. அவசரம் இல்லை, அலட்சியமும் கூடாது.

பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, சார்ஜரும் மாட்டி, பகல் வேளையில் தொடங்குங்கள். தயாரிப்பாளர்கள் இதைவிடக் குறைந்த அளவையே கேட்பார்கள், கடலோரத்துக்கு அது போதாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவிக்கும் மின் நிறுத்த நாளைச் செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை எச்சரிக்கை இருக்கும் நாட்களில் விண்டோஸ் அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அப்படிப்பட்ட நாளில் பேட்டரியில் உள்ள ஒவ்வொரு சதவீதமும் செல்பேசிக்கும் டார்ச்சுக்கும் தேவை. காற்று அடங்கியதும் நிறுத்தியதைத் திரும்பத் தொடங்குங்கள். மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

லேப்டாப்பை அணைக்கும்போது ‘அப்டேட் செய்து அணை’, ‘அணை’ என்று இரண்டு தேர்வுகள் தெரியும். கரண்ட் நிலையில்லாத மாலையில் வெறும் ‘அணை’யைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட் தொடங்கும் முன் புராஜெக்ட் கோப்புகளை ஒரு பென் டிரைவிலும், இன்னொரு பிரதியை மின்னஞ்சலிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். பிட்லாக்கர் சாவியைக் காகிதத்தில் எழுதி வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள்.

கடைசியாக, உங்களிடமும் உங்கள் கல்லூரியிடமும் ஒரு வேண்டுகோள். 2026 ஜனவரியில் தொடங்கிய ‘உலகம் உங்கள் கையில்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு டெல், எச்பி, ஏசர் லேப்டாப்கள் வழங்கப்படுகின்றன. ஒரு கல்லூரிக்கு வந்து சேரும் மாடல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்படியென்றால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மீட்புப் பென் டிரைவை இப்போதே தயாரித்துக் கணினி அறையில் வைத்தால் எல்லா மாணவர்களுக்கும் அது உதவும். அதற்காகும் செலவு சில பென் டிரைவ்களும் ஒரு பிற்பகலும்தான். மாடல் பெயர், பயாஸ் பதிப்பு, பிடிக்க வேண்டிய விசைகள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். புதிய பதிப்பு வரும்போது கோப்பை மாற்றுங்கள். உங்கள் லேப்டாப் எழுந்ததும் அந்த முதல் பென் டிரைவை நீங்களே தயாரியுங்கள். அதற்குள் இந்த வேலையில் உங்களுக்குக் கை தேர்ந்திருக்கும். உங்கள் குப்பத்தில் அடுத்து ஒருவருக்கு இப்படி நடந்தால், மதர்போர்டு மாற்றப் பணம் புரட்டும் முன் அவர் உங்களிடம் வரட்டும்.